ஜிக் வேணாம், கேஜ் போதும்: கோல்ஃப் புட்டிங் கருவிகள் பற்றி ஒரு ஒர்க்‌ஷாப் பார்வை

"கோல்ஃபா? அதுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?"னு தலைப்பைப் பார்த்ததுமே அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்க்கிறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. சம்பந்தம் இருக்கு. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சது 1895-ல. 18 குழி உள்ள மைதானம். காட்டுமாடுங்க சர்வசாதாரணமா நடந்து போற இடம். அது இருக்கிறது நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல. ஆனா சாணார்பட்டி, நத்தம் பக்கம் இருந்து கொடைக்கானலுக்கு டூர் போறவங்க பில்லர் ராக்ஸ் போற வழியில அந்தப் புல்வெளியை பஸ் ஜன்னல் வழியா பார்க்கிறதோட சரி. உள்ளே என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது.

உள்ளே நடக்கிறதுல பாதி, நாம எல்லாரும் சின்ன வயசுல ஆடின ஆட்டம்தான். மண்ணுல ஒரு குழி தோண்டி, தள்ளி நின்னு கோலி குண்டை உருட்டிக் குழிக்குள்ள விழ வைப்போமே, அதேதான். கோல்ஃப்ல அதுக்குப் பேர் புட்டிங். (ஆங்கில உச்சரிப்பு "பட்டிங்"க்குக் கிட்ட வரும். ஆனா அதுக்கான மட்டையை "பட்டர்"னு எழுதினா பட்டர் பன் ஞாபகம் வந்துடும். அதனால இந்தக் கட்டுரை முழுக்க புட்டர், புட்டிங்தான்.)

பாதின்னு சும்மா சொல்லல. 18 குழி மைதானத்துல திறமையான ஆட்டக்காரர் எத்தனை அடியில முடிக்கணும்ங்கிற கணக்குக்கு "பார்"னு பேர். பொதுவா அது 72. அந்தக் கணக்கைப் போடும்போதே ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு புட் ஒதுக்குறாங்க. 18 தடவை ரெண்டு, 36. அதாவது டிவியில காட்டுற அந்தப் பிரம்மாண்ட வீச்சுக்கெல்லாம் சேர்த்து 36, மெதுவா உருட்டுறதுக்கு மட்டும் 36.

2021 ஆகஸ்ட்ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கா? பெங்களூரு பொண்ணு அதிதி அசோக், அப்போ உலகத் தரவரிசையில 200-வது இடம். நாலு நாள் ஆட்டத்துல மொத்தம் 269 அடி. வெண்கலம் வாங்கின லிடியா கோ 268. ஒரே ஒரு அடியில பதக்கம் போச்சு, நாலாவது இடம். தூரமா அடிக்கிறவங்க வரிசையில அதிதி பேர் மேலே இருக்காது. தன்னைவிட ரொம்பத் தூரம் அடிக்கிறவங்களோட கடைசி நாள் வரைக்கும் அவங்க போட்டி போட்டதுக்குப் பெரிய காரணம் புட்டிங்.

சரி, இந்தப் புட்டிங்கைத் துல்லியமாக்க மார்க்கெட்டுல கருவிகள் குவிஞ்சு கிடக்கு. கண்ணாடி, தண்டவாளம், லேசர், வளைவான சரிவு, மெட்ரோனோம்னு ஒரு பெரிய லிஸ்ட். எது வேலை செய்யும், எது காசைப் பிடுங்கும்? நம்ம ஒர்க்‌ஷாப்ல முதல் வருஷம் படிச்ச ஒரு விஷயத்தை வச்சே இதைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல டாலரன்ஸ் கணக்கு

எந்த வேலையையும் ஆரம்பிக்கும் முன்னாடி டிராயிங்ல டாலரன்ஸ் என்னன்னு பார்ப்போம் இல்லையா? புட்டிங்குக்கும் அதைப் போட்டுடுவோம்.

குழியோட விட்டம் 4.25 இன்ச், அதாவது 108 மி.மீ. பந்தோட விட்டம் குறைஞ்சது 42.67 மி.மீ, எடை அதிகபட்சம் 45.93 கிராம். இதெல்லாம் விதிப்புத்தகத்துல இருக்கிற எண்கள். பந்து மெதுவா போய்ச் சேருதுன்னு வச்சுக்குவோம். அதோட மையம் குழியோட விளிம்புக்குள்ள வந்தா விழுந்துடும். அப்போ நடுவுல இருந்து இந்தப் பக்கம் 54 மி.மீ, அந்தப் பக்கம் 54 மி.மீ இடம் இருக்கு. அதைக் கோணமா மாத்தினா:

1 மீட்டர் தூரத்துல: இருபக்கமும் சுமார் 3.1 டிகிரி.
2 மீட்டர்: 1.5 டிகிரி.
3 மீட்டர்: 1 டிகிரி.
5 மீட்டர்: 0.6 டிகிரி.

3 மீட்டர்னா நம்ம ஹாஸ்டல் ரூம் நீளம்கூட வராது. அதுக்கே ஒரு டிகிரிதான் அனுமதி. கடிகாரத்துல நிமிஷ முள் பத்து செகண்ட்ல நகர்ற அளவு அது. அமெரிக்க பிஜிஏ டூர்ல ஆடுற உலகத் தரமான ஆட்கள்கூட 8 அடி தூரத்துல, அதாவது சுமார் 2.4 மீட்டர்ல, ரெண்டுக்கு ஒண்ணுதான் போடுறாங்க. இதைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான புட்களோட தகவலை அலசிக் காட்டினார். அதனால 8 அடியில நாம தவறவிட்டா தலையில அடிச்சுக்க வேண்டியதில்ல.

அடுத்து வேகம். திசை சரியா இருந்தாலும் வேகம் அதிகமானா பந்து குழியைத் தாண்டிப் போயிடும். ஏன்? இதுக்கு பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். பந்தோட மையம் இந்தப்பக்க விளிம்பைத் தாண்டினதும் அது கீழே விழ ஆரம்பிக்குது. அந்தப்பக்க விளிம்புல மோதும் முன்னாடி குறைஞ்சது தன்னோட ஆரம் அளவுக்கு, 21.3 மி.மீ, இறங்கியிருக்கணும். அந்த ஆழம் விழ புவியீர்ப்பு எடுத்துக்கிற நேரம் 0.066 செகண்ட். அதுக்குள்ள பந்து கடக்கலாம்னு இருக்கிற தூரம் 108-ல இருந்து 21.3 போக, சுமார் 86.7 மி.மீ. வகுத்துப் பார்த்தா வேகம் செகண்டுக்கு 1.31 மீட்டர். நட்டநடுவுல போனாக்கூட அதுக்கு மேல வேகம்னா சுத்தமா விழாது. பின்விளிம்புல மோதி எகிறி விழுந்தாத்தான் உண்டு.

இதுல கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. வேகம் கூடக் கூட, குழி சுருங்குது. நடுவை விட்டு ஓரமா போற பந்துக்குக் குழியோட முழு விட்டமும் கிடைக்காது, சின்ன நாண் அளவுதான் கிடைக்கும். அதே கணக்கை ஓரத்துக்கும் போட்டா, பந்து செகண்டுக்கு 0.77 மீட்டர் வேகத்துல வந்தா இருபக்கமும் 54-க்குப் பதிலா சுமார் 40 மி.மீ தான் மிச்சம். 1 மீட்டர் வேகம்னா சுமார் 32 மி.மீ. 1.31-ல பூஜ்ஜியம். ஆக, வேகமும் திசையும் தனித்தனி விஷயம் இல்ல. வேகத்துல பண்ற தப்பு திசையோட டாலரன்ஸையே தின்னுடும்.

ஒரு தப்பா, மூணு தப்பா?

இப்போ பிரச்சினைக்கு வருவோம். நீங்க 3 மீட்டர்ல ஒரு புட் அடிக்கிறீங்க. பந்து குழிக்கு வலது பக்கமா போயிடுச்சு. என்ன தப்பு நடந்துச்சு?

ஒண்ணு, தரையோட சரிவைத் தப்பாக் கணிச்சிருக்கலாம். ரெண்டு, கணிப்பு சரி, ஆனா புட்டரோட முகம் அரை டிகிரி திரும்பி இருந்திருக்கலாம். மூணு, ரெண்டும் சரி, வேகம் குறைஞ்சதால சரிவு பந்தை அதிகமா இழுத்திருக்கலாம். மூணுக்கும் ரிசல்ட் ஒண்ணுதான், வலது பக்கம் போச்சு. இன்னும் மோசம் என்னன்னா, ரெண்டு தப்பு சேர்ந்து ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணி, பந்து குழிக்குள்ளயும் விழுந்துடும்! நாம கைதட்டிட்டு அந்த ரெண்டு தப்பையும் பழக்கமாக்கிக்குவோம்.

மெஷின்ல ஒரு பார்ட் சைஸ் மாறி வந்தா, டூல் தேய்மானமா, செட்டிங் தப்பா, ஸ்பிண்டில் ஆட்டமான்னு ஒவ்வொண்ணா தனியாப் பார்ப்போமே, அதே மாதிரி இங்கேயும் பிரிக்கணும். நல்ல பயிற்சிக் கருவியோட வேலை இது மட்டும்தான்: மூணு தப்புல ஒண்ணைத் தனியாப் பிரிச்சு, உடனே, பொய் சொல்லாமக் காட்டணும்.

ஜிக்கும் கேஜும்

ஒர்க்‌ஷாப்ல ரெண்டு சாமான் இருக்கு. டிரில் ஜிக், டிரில் பிட்டைத் தானே சரியான இடத்துக்குக் கொண்டு போகும். புதுசா வந்தவன் துளை போட்டாலும் சரியா வரும். ஆனா ஜிக்கை எடுத்துட்டா அவனுக்குத் துளை போடத் தெரியாது. இன்னொண்ணு கேஜ். 'கோ - நோ கோ' பிளக் கேஜ் எதையும் வழிநடத்தாது. போகுதா, போகலையான்னு மட்டும் சொல்லும். திருத்த வேண்டியது நம்ம கை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்கெல்லாம் தெரியும். கையால பூட்டு செய்யிறவங்க சாவியை அரத்தால ராவுவாங்க, பூட்டுல போட்டுத் திருப்பிப் பார்ப்பாங்க, மறுபடி ராவுவாங்க. அங்கே பூட்டுதான் கேஜ். ஒவ்வொரு தடவையும் அது "இன்னும் இல்ல"ன்னு சொல்லச் சொல்லக் கை கத்துக்குது.

புட்டிங் கருவிகளும் இந்த ரெண்டு ஜாதிதான். புட்டரை ரெண்டு பக்கமும் தண்டவாளம் வச்சுப் பிடிச்சுக்கிற கருவி, மணிக்கட்டை அசையவிடாமக் கட்டிப்போடுற பட்டை, இதெல்லாம் ஜிக். அதுக்குள்ள அடிச்சா பத்துக்குப் பத்து. வெளியே வந்தா பழைய குருடி கதைதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. 1984-ல சால்மோனி, ஷ்மிட், வால்டர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், உடல் அசைவுகளை மனுஷன் எப்படிக் கத்துக்கிறான்னு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாங்க. அவங்க வச்ச கருத்து: வழிகாட்டல் தொடர்ந்து கிடைச்சா பயிற்சி நேரத்துல திறமை கூடின மாதிரி தெரியும், ஆனா அதை எடுத்ததும் நிக்காது, ஏன்னா கத்துக்கிறவன் அந்த வழிகாட்டல் மேலேயே சாஞ்சுடுறான். 1990-ல வின்ஸ்டைனும் ஷ்மிட்டும் செஞ்ச சோதனையில, ஒவ்வொரு முயற்சிக்கும் ரிசல்ட் சொல்லப்பட்டவங்களைவிடப் பாதி முயற்சிக்கு மட்டும் சொல்லப்பட்டவங்க பிற்பாடு நடந்த பரிசோதனையில நல்லா செஞ்சாங்க.

அப்போ நமக்கு ரெண்டு விதி கிடைச்சாச்சு. ஒண்ணு, ஜிக்கை விட்டுட்டு கேஜை எடுக்கணும். ரெண்டு, கேஜையும் அடிக்கடி ஓரமா வைக்கணும். இதை வச்சுக்கிட்டுக் கருவிகளை ஒவ்வொண்ணா பார்க்கலாம். எல்லாத்தையும் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையிலயும் காலேஜ் ஒர்க்‌ஷாப்லயும் கிடைக்கிறதை வச்சே செய்யலாம்.

திசைக்கு: ஸ்டீல் ரூல்

பந்து கிளம்புற திசையைப் பெரும்பாலும் முடிவு பண்றது, மோதுற நொடியில புட்டரோட முகம் பார்க்கிற திசை. புட்டர் வர்ற பாதைக்குப் பங்கு கம்மி. அதனால முதல்ல முகத்தைச் சோதிக்கணும்.

1 மீட்டர் ஸ்டீல் ரூலைச் சமதரையில போடுங்க. ஒரு முனையில பந்தை வச்சு, ரூல் மேலேயே உருட்டி மறுமுனையைத் தாண்ட வைக்கணும். அவ்வளவுதான். ரூல் அகலம் 25 மி.மீ-னு வச்சுக்கிட்டா, பந்து விலகலாம்னு இருக்கிற இடம் இருபக்கமும் 12.5 மி.மீ. 1000-க்கு 12.5-னா 0.7 டிகிரி. அதாவது ரூலோட முனை வரைக்கும் விழாமப் போன பந்து, சமதரையில 4.3 மீட்டர் தள்ளி இருக்கிற குழிக்குள்ளயும் மெதுவா விழும். குழியும் வேணாம், புல்லும் வேணாம், ரூம் தரை போதும். பந்து எந்தப் பக்கம் விழுதுங்கிறதே உங்க முகம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லிடும். வேகமோ சரிவோ இதுக்குள்ள வராது. ஒரே ஒரு தப்பைத் தனியாக் காட்டுற கருவி, விலையோ சில நூறு ரூபாய்க்குள்ள.

திசைக்கு: கேட்

இது டைகர் வுட்ஸால பிரபலமான பயிற்சி. புட்டர் தலைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ரெண்டு குச்சி நடணும். புட்டர் அதுல இடிக்காம நடுவுல போய் பந்தை அடிக்கணும். பந்து புட்டரோட நடுவுல படுதா, ஓரத்துல படுதான்னு இது சொல்லும்.

இதோட இன்னொரு வடிவம், பந்துக்கான கேட். பந்துக்கு 50 செ.மீ முன்னாடி ரெண்டு ஆணியோ குச்சியோ நடுங்க. இடைவெளி 65 மி.மீ இருந்தா டாலரன்ஸ் இருபக்கமும் சுமார் 1.3 டிகிரி, அதாவது அந்த 8 அடி புட்டுக்கு வேண்டிய அளவு. அது பழகினதும் 55 மி.மீ ஆக்குங்க. இப்போ 0.7 டிகிரி, ஸ்டீல் ரூலுக்குச் சமம். வெர்னியர் காலிப்பரை இதுக்கு எடுத்தா ஒர்க்‌ஷாப் அண்ணன் முறைப்பார்தான், ஆனாலும் அளந்தே வைங்க. கண்ணால வச்ச கேட் கேஜ் ஆகாது.

பார்வைக்கு: நூலும் தூக்குக்குண்டும்

கடையில விக்கிற புட்டிங் கண்ணாடி என்ன பண்ணுது? தரையில வச்சுக் குனிஞ்சு பார்த்தா உங்க கண்ணு பந்துக்கு மேலே இருக்கா, உள்ளே இருக்கா, வெளியே இருக்கான்னு காட்டும். கண் இருக்கிற இடம் மாறினா, நேர்கோடு நமக்குச் சாஞ்சு தெரியும். அதனால கண் இடம் தினமும் ஒரே மாதிரி இருக்கணும்.

கொத்தனார் கையில இருக்கிற தூக்குக்குண்டும் இதே வேலையைச் செய்யும். நின்ன நிலையில மூக்குத்தண்டுல இருந்து அதைத் தொங்கவிட்டா எங்கே வந்து நிக்குதுன்னு நண்பனைப் பார்க்கச் சொல்லுங்க. பந்து மேலேயோ, கொஞ்சம் உங்க பக்கமாவோ வரலாம். எங்கேங்கிறதைவிட, நாளைக்கும் அதே இடத்துல வரணும்ங்கிறதுதான் முக்கியம்.

அடுத்து நூல். கட்டட வேலையில ரெண்டு முனையில ஆணி அடிச்சு நூல் பிடிப்பாங்களே, அதைப் பந்துக்கு மேலே ஓரடி உயரத்துல பிடிங்க. கீழே பந்து, அதுக்கு நேர் மேலே நூல், தூரத்துல குறி. நேர்கோடுன்னு நம்ம மூளை நினைக்கிறதும் உண்மையான நேர்கோடும் எவ்வளவு விலகி இருக்குன்னு இது காட்டிடும். ஆனா நூல் கொஞ்சம் ஜிக் குணம் உள்ளது. கண்ணு அதையே பிடிச்சுக்கும். பத்து புட் நூலோட, பத்து புட் நூல் இல்லாமன்னு மாத்தி மாத்தி அடிக்கணும்.

கண் விஷயத்துல இன்னொண்ணு. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1992-ல, புட் அடிக்கும்போது ஆட்டக்காரங்க கண்ணு எங்கே நிக்குதுன்னு அளந்தாங்க. திறமையானவங்க பார்வை அடிக்கும் முன்னாடியும் அடிக்கும்போதும் பந்து மேல அலையாம நிக்குது. தடுமாறுறவங்க கண்ணு அங்கேயும் இங்கேயும் ஓடுது. இந்த நிலைச்ச பார்வைக்கு "அமைதியான கண்"னு பொருள் வர்ற பேர் வச்சாங்க. இதுக்குக் கருவி ஒரு ரூபாய் காசு. பந்துக்கு அடியில வைங்க. அடிச்ச பிறகு பந்து பின்னாடி பார்வை ஓடாம, காசு தெரிஞ்சுதான்னு பாருங்க.

வேகத்துக்கு: ஸ்டிம்ப்மீட்டர்

1935-ல அமெரிக்க ஓப்பன் போட்டி ஓக்மான்ட்ல நடந்துச்சு. ஜீன் சராசன் மாதிரி ஒரு ஜாம்பவான் அடிச்ச புட்டே கிரீனை விட்டு வெளியே உருண்டு போனதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன்னு ஒருத்தர் பார்த்தார். புல் அநியாயத்துக்கு வேகமா இருக்குன்னு அவருக்குத் தோணுச்சு. தோணினா போதுமா, நிரூபிக்கணுமே? ஒரு மரச் சரிவு செஞ்சார். அதுல இருந்து பந்தை விட்டா எப்பவும் ஒரே வேகத்துல தரைக்கு வரும், எவ்வளவு தூரம் உருளுதோ அதுதான் அந்தப் புல்லோட வேகம். பிற்பாடு அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்துல மாத்தி, 1978-ல இருந்து மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்துச்சு. 36 இன்ச் நீளம், 30 இன்ச்ல ஒரு பள்ளம். ஒரு முனையைச் சுமார் 20 டிகிரி தூக்கினதும் பந்து தானா கிளம்பும். கீழே வரும்போது வேகம் செகண்டுக்கு 1.83 மீட்டர். 8 அடி உருண்டா, ஸ்டிம்ப் 8.

நம்ம கணக்குக்கு இது தங்கம். 8 அடி உருண்டு நின்னா, வேகம் குறையுற விகிதம் செகண்டுக்குச் செகண்ட் 0.69 மீட்டர். டேவ் பெல்ஸ்னு நாசாவுல வேலை பார்த்துட்டு கோல்ஃப் பயிற்சிக்கு வந்த ஒரு இயற்பியல்காரர், குழி இல்லைன்னா 17 இன்ச், அதாவது 43 செ.மீ, தாண்டி நிக்கிற வேகம்தான் சிறந்ததுன்னு சொன்னார். ஸ்டிம்ப் 8 தரையில அது குழிகிட்ட செகண்டுக்கு 0.77 மீட்டர். மேலே நாம போட்ட அதே 0.77! குழி இருபக்கமும் 40 மி.மீ இருக்கிற வேகம். நடுவுல போனாலும் விழாத அந்த 1.31 வேகம், குழியைத் தாண்டி ஒண்ணேகால் மீட்டர் ஓடுற வேகம். இப்போ "ரொம்ப வேகம்"ங்கிறதுக்கு நம்மகிட்ட எண் இருக்கு.

வீட்டுல செய்ய, அலுமினிய எல் ஆங்கிள் ஒரு மீட்டர் வாங்குங்க. ஒரு முனையைப் புத்தக அடுக்கு மேல வைங்க, ஒரு கோடு போட்டு அங்கேயிருந்தே பந்தை விடுங்க. பள்ளத்தோட வடிவம் வேறங்கிறதால நிஜ ஸ்டிம்ப் எண் வராது. ஆனா இன்னைக்கு இந்தத் தரை, நாளைக்கு அந்தத் தரைன்னு ஒப்பிடலாம். இதுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. சரிவுல இருந்து விட்ட பந்து நேராப் போகாம வளைஞ்சா, தரை மட்டமில்லைன்னு அர்த்தம். ரசமட்டம் வச்சு உறுதி பண்ணிக்குங்க. தரையோட கோணலை உங்க கையோட கோணல்னு நினைச்சுத் திருத்திடக் கூடாது. அளவிடும் முன்னாடி காலிபரேஷன்னு லேப்ல சும்மாவா சொல்றாங்க?

டைல்ஸ் தரையில பந்து நிக்காம ஓடும், அதனால வேகப் பயிற்சிக்குச் செயற்கைப் புல் விரிப்பு வேணும். கோரைப்பாய் வேணாம், கோரை ஓடுற வாக்குல பந்தை இழுத்துடும்.

விலைக்கு வாங்குற கருவியில பிரிட்டனோட 'புட்அவுட்' மாதிரியான வளைவுச் சரிவு நல்ல யோசனை. பந்து சரிவுல ஏறித் திரும்ப உருண்டு வரும். குழி இல்லைன்னா எவ்வளவு தூரம் தாண்டியிருக்குமோ அவ்வளவு தூரம் உங்ககிட்ட திரும்பி வரும். தப்பைத் தூரமா மாத்திக் காட்டுற கேஜ் அது. வாங்க முடியலைன்னா, குழிக்கு 43 செ.மீ பின்னாடி ஒரு துண்டைக் குறுக்கே போட்டுக்கோங்க. தவறிப்போற பந்து குழிக்கும் துண்டுக்கும் நடுவுல நிக்கணும். குழிக்கு முன்னாடியே நின்னா குறைவு, துண்டுல போய் இடிச்சா அதிகம்.

தாளத்துக்கு மொபைல்ல இலவச மெட்ரோனோம் ஆப் போதும். பின்னாடி எடுக்கிறது ஒரு தட்டு, பந்துல படுறது அடுத்த தட்டு. தூரம் கூடினா வீச்சோட நீளம் கூடணுமே தவிர, தாளம் மாறக் கூடாது.

இதுக்கெல்லாம் உச்சி, ஜெர்மனியில செய்யிற 'சாம் புட்லேப்'. அல்ட்ராசவுண்ட் மூலமா புட்டரோட அசைவை முப்பரிமாணத்துல அளக்கும். அதுவும் கேஜ்தான், தனியாள் வாங்குற விலை இல்ல. ஆனா முகத்தோட கோணத்தைப் பொறுத்தவரை, அது எண்ணாச் சொல்றதை நம்ம ஸ்டீல் ரூல் விழுந்துச்சு, விழலன்னு சொல்லும். பிளஸ் 2 மாணவனுக்கு அதுவே போதும்.

கேஜை எப்போ எடுக்கணும்?

ஒரு வாரத் திட்டம் சொல்றேன். தினம் இருபது நிமிஷம்.

முதல் ரெண்டு நாள் ஸ்டீல் ரூல் மட்டும். பத்துல எத்தனை விழாமப் போச்சு, விழுந்தது எந்தப் பக்கம்னு நோட்டுல எழுதுங்க. மூணாவது, நாலாவது நாள் கேட், 65-ல ஆரம்பிச்சு 55-க்கு. ஐந்து புட் கேட்டோட, ஐந்து புட் கேட் இல்லாம. அஞ்சாவது நாள் வேகம் மட்டும். குறி வேணாம், துண்டு போதும். ஆறாவது நாள் எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒவ்வொரு புட்டுக்கும் தூரத்தை மாத்துங்க, 1 மீட்டர், 4 மீட்டர், 2 மீட்டர்னு கலைச்சு. ஒரே தூரத்துல இருபது அடிச்சா கை சூடாகி எல்லாம் உள்ளே போகும், அது கத்துக்கிட்டது இல்ல. மைதானத்துல ஒரே புட்டை யாரும் ரெண்டாவது தடவை தர்றதில்ல. ஏழாவது நாள் மறுபடி ரூல். முதல் நாள் எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க.

சரிவைக் கணிக்கிறது மட்டும் இதுல வரல, கவனிச்சிருப்பீங்க. அதுக்கு நிஜ கிரீன்தான் வேணும். ஆனா திசையும் வேகமும் கைக்கு வந்தவனுக்கு, தவறின ஒவ்வொரு புட்டும் "கணிப்புல தப்பு"ன்னு தெளிவாச் சொல்லிடும். அவன் ஒரு நாள்ல கத்துக்கிறதை, மூணு தப்பும் கலந்து கிடக்கிறவன் ஒரு மாசத்துலயும் கத்துக்க முடியாது.

யாருக்காக இதெல்லாம்?

கோல்ஃப் பணக்காரங்க ஆட்டம்ங்கிறது பொய் இல்ல. முழு செட் மட்டை, கிளப் மெம்பர்ஷிப், பயிற்சியாளர், எல்லாத்துக்கும் செலவு இருக்கு. ஆனா இந்த நாட்டுல அந்தப் பையைச் சுமந்தவங்களே ஜெயிச்ச கதையும் இருக்கு. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர், 1991-ல இந்தியன் ஓப்பனை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பெங்களூருல கேடியா இருந்த சி. முனியப்பா 2009-ல அதே பட்டத்தை ஜெயிச்சார். எஸ்.எஸ்.பி. சௌரசியாவோட அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்ல புல் பராமரிச்சவர். மகன் 2016, 2017-னு ரெண்டு வருஷம் தொடர்ந்து இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். அவரும் நீளமா அடிக்கிறதுக்குப் பேர் போனவர் இல்ல, கிரீனைச் சுத்தின நுணுக்க ஆட்டத்துக்குப் பேர் போனவர்.

தூரமா அடிக்கப் பெரிய மைதானமும் விலை உயர்ந்த மட்டையும் வேணும். புட்டிங்குக்கு ஒரு பழைய புட்டர், ரெண்டு பந்து, ஹாஸ்டல் வராண்டா போதும். 72-ல அந்த 36, காசு இல்லாதவன் காசு இருக்கிறவனோட சரிசமமா நிக்கக்கூடிய 36. இன்னைக்குக் கொடைக்கானல்ல ஒரு பையைத் தூக்கிட்டு நடக்கிற பையனுக்கோ, சாணார்பட்டியில கோலி ஆடுற பையனுக்கோ அந்தப் பாதி ஆட்டம் பூட்டி இருக்கல. தண்டவாளமும் லேசரும் வாங்கினாத்தான் துல்லியம் வரும்னு யாராவது அவன்கிட்ட சொன்னா, அதுதான் பூட்டு.

நம்ம காலேஜ்லயே ஆரம்பிக்கலாம். மெக்கானிக்கல் லேப்ல ஸ்டீல் ரூல் இருக்கு, சிவில்ல ரசமட்டமும் தூக்குக்குண்டும் இருக்கு, ஈசிஇ மக்கள் நினைச்சா ரெண்டு சென்சார் வச்சு கேட்டுக்கு பீப் சத்தம் கொடுத்துடுவாங்க. புட்டர் இல்லையா? கோலி குண்டு இருக்கு. ரூல் மேல அதை உருட்டி முனை வரைக்கும் கொண்டு போக முடியுதான்னு இன்னைக்கு ராத்திரி மெஸ் முடிஞ்சதும் முயற்சி பண்ணிப் பாருங்க. பத்துக்கு எத்தனைன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க.